ஒரு ‘சி’ எழுத்து தின்ற மூன்று இரவுகள்

நேற்று இரவு பதினொரு மணிக்கு ஈமேக்ஸ் என்ற உரைத் தொகுப்பி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திறந்தது. ‘ரிகர்சிவ் லோட்’ (கோப்பு தன்னையே திரும்பத் திரும்ப ஏற்றுகிறது என்ற பிழைச் செய்தி) என்ற இரண்டு சொற்களை இனிக் கொஞ்ச நாளைக்காவது பார்க்க மாட்டேன் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

ஆயிரத்து ஐந்நூறு வரிக்கு வீங்கிப்போன இனிட் கோப்பை (ஈமேக்ஸ் திறக்கும்போது படிக்கும் என் அமைப்புகள்) போன மாதம் எட்டாகப் பிரித்தேன். பெயருக்கு யோசிக்கவே இல்லை. கல்லிடைக்குறிச்சிக்காரனுக்கு எட்டு என்றால் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகள்தான்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கன்னடியனில் தமிழ்த் தட்டச்சு, எழுத்துரு வேலைகள், பழவூரில் குறிப்பெடுக்கும் ஆர்க் மோட், சுத்தமல்லியில் கோப்பு மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட். கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்தில். ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

இவற்றை ஏற்றுவதற்கு ஒன்பதாவதாக ஒரு சின்னக் கோப்பு. அதற்கு மடை என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிக்வயர் (‘இன்னும் ஏறாவிட்டால் ஏற்று’) வரி எழுதியிருந்தால் இந்தப் பதிவே இல்லை. ஆனால் புதிதாக ஒரு கோப்பைப் போட்டால் அது தானாக ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் மடை, தான் இருக்கும் கோப்புறையை டைரக்டரி-ஃபைல்ஸ்-ரிகர்சிவ்லி என்ற செயற்கூறு கொண்டு துழாவி, இ.எல். (ஈமேக்ஸ் நிரல் கோப்பின் பின்னொட்டு) என்று முடிகிற எல்லாவற்றையும் எடுத்து, கடைசி ஒட்டை நறுக்கிவிட்டு லோட் செய்யும். அதே கோப்புறையில் மடையும் கிடக்கிறதே, தன்னையே ஏற்றிக்கொள்ளாதா? அதற்கும் காவல் வைத்திருந்தேன். கையில் கிடைத்த பெயர் லோட்-ஃபைல்-நேமுக்கு (இப்போது ஏறிக்கொண்டிருக்கும் கோப்பின் பெயரை வைத்திருக்கும் மாறி) சமமாக இருந்தால் தாண்டிப் போ. மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை.

என்னுடைய மடிக்கணினி திருநெல்வேலி சந்திப்பில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கியது. ‘பேட்டரி நான்கு மணி நேரம் நிற்கும்’ என்றார்கள். நாற்பது நிமிடம் நிற்கிறது. ஈமேக்ஸ் திறக்க ஆறு நொடி. பைட்-கம்பைல் செய்தால் (வேகமாக ஏறும் வடிவத்துக்கு மாற்றினால்) குறையும் என்று போன வெள்ளிக்கிழமை பைட்-ரீகம்பைல்-டைரக்டரி கட்டளையைப் பூஜ்யம் கொடுத்து (எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் மாற்று என்று) ஓட்டினேன். ஒன்பது கோப்புக்கும் ஒன்பது இ.எல்.சி. (மாற்றிய வடிவம்) முளைத்தன. மூடித் திறந்தால் சிவப்பாக அந்த ‘ரிகர்சிவ் லோட்’ பிழை. ஒரே பாதை, மடை.இ.எல்.சி., ஐந்து முறை வரிசையாக, கடைசியில் இனிட்.

இந்த வரிசையைப் படிக்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். புதியது இடப்பக்கம், பழையது வலப்பக்கம். நடந்த கதை வலமிருந்து இடமாக ஓடுகிறது. ஒரு கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஏற்றப்படுவதை ஈமேக்ஸ் உடனே தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது ஏற்றம் வேறு வேலை செய்யலாம் என்று மூல நிரலிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். நான்கு முறை பொறுத்துக்கொண்டு ஐந்தாவதில்தான் கதவைச் சாத்துகிறது. அந்தப் பொறுமையால் எனக்குக் கிடைத்த வேடிக்கை: ஆங்கில அகரவரிசையில் மடைக்கு முன்னால் வரும் அரியநாயகிபுரம், கன்னடியன், கோடைமேலழகியான் மூன்றும் தலைக்கு நான்கு முறை ஏறியிருந்தன, மருதூர் முதல் சுத்தமல்லி வரை மீதி ஐந்தும் ஒரு முறைகூட ஏறவில்லை. மேல்மடைக்காரன் நான்கு தடவை பாய்ச்சிக்கொள்ள, கீழே வயல் வெடித்துக் கிடந்த மாதிரி.

காரணம் பிடிபட ஒரு இரவு போயிற்று. துழாவிக் கிடைக்கும் பெயர் மடை.இ.எல். நான் ஒட்டை நறுக்கி வெறும் ‘மடை’ என்று லோட்டிடம் கொடுக்கிறேன். இ.எல்.லுக்கும் முன்னால் லோட் தேடுவது இ.எல்.சி.யை. இப்போது அது இருக்கிறது, எடுத்துக்கொள்கிறது. உள்ளே போனபின் லோட்-ஃபைல்-நேமின் மதிப்பு மடை.இ.எல்.சி. காவல்காரன் கையில் இருக்கும் படமோ மடை.இ.எல். ஒரு ‘சி’ கூடியதால் ஆள் அடையாளம் தெரியாமல் உள்ளே விட்டுவிட்டான். இ.எல்.சி. இல்லாத நாள்களில் இரண்டு பெயரும் பொருந்தியதால் வண்டி ஓடியது.

சரி, இரண்டு பக்கமும் ஒட்டை நறுக்கிவிட்டு ஒப்பிட வேண்டியதுதான். கூடவே கோப்பின் உண்மைப் பாதையைத் தரும் ஃபைல்-ட்ரூநேமும் போட்டேன். ஏனென்றால் என் கோப்புறை வேறொரு இடத்தைச் சுட்டும் சிம்லிங்க். திருத்தினேன், சேமித்தேன், மூடித் திறந்தேன். அதே பிழை. அதே ஐந்து மடை.

இங்கேதான் இரண்டாவது இரவு முழுவதும் போயிற்று. நிபந்தனையைத் தலைகீழாக மாற்றினேன். வழக்கமான பாதையை விட்டு வேறு செயற்கூறு எழுதினேன். ஒரு கட்டத்தில் மடைக்குள் இருந்த எல்லா வரியையும் அழித்துவிட்டு ஒரே ஒரு செய்தி வரி மட்டும் வைத்தேன். வெற்றுக் கோப்பு தன்னையே ஐந்து முறை ஏற்றுகிறது! பாளையங்கோட்டையில் இருக்கும், விம் (ஈமேக்ஸுக்குப் போட்டித் தொகுப்பி) பயன்படுத்தும் நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அண்ணாச்சி, நாங்கள் முதல் வரியிலேயே ‘ஏற்கெனவே ஏறிவிட்டதா, அப்படியானால் ஃபினிஷ்’ என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடுவோம்” என்றார். அந்தச் சிரிப்புக்காகவே விம் பக்கம் போக மாட்டேன்.

விடை மெசேஜஸ் பஃபரில் (ஈமேக்ஸ் தன் செய்திகளை எழுதிவைக்கும் இடம்) நான் முதலில் திருத்தியதிலிருந்தே இருந்தது. மூலக் கோப்பு புதியது, ஆனாலும் பழைய கம்பைல் கோப்பையே எடுக்கிறேன் என்று ஒரு வரி. நான் இ.எல்.லைத் திருத்திக்கொண்டே இருந்தேன். ஈமேக்ஸ் வெள்ளிக்கிழமை கம்பைல் செய்த இ.எல்.சி.யையே ஏற்றிக்கொண்டே இருந்தது. இரண்டில் எது புதியதோ அதை எடு என்று சொல்ல லோட்-ப்ரிஃபர்-நியூவர் என்ற மாறி 24.4 பதிப்பிலிருந்தே இருக்கிறது. நான் வைக்கவில்லை. இப்போது ஏர்லி-இனிட்டில் (இனிட்டுக்கும் முன்னால் படிக்கப்படும் கோப்பு) முதல் வரியே அதுதான்.

மூன்றாவது இரவு ஒரு சில்லறைத் தகராறு. மடையைத் திறந்து வைத்து ஈவல்-பஃபர் (திறந்திருப்பதை அப்படியே ஓட்டும் கட்டளை) அடித்துச் சோதித்தால் லோட்-ஃபைல்-நேம் வெறும் நில், அதாவது ஒன்றுமில்லை; ஃபைல்-ட்ரூநேம் அதைக் கண்டு கத்துகிறது. அது இல்லையென்றால் பஃபர்-ஃபைல்-நேமை எடு என்று ஒரு ‘ஆர்’ போட்டதும் அடங்கியது. திறக்கும் நேரம் இப்போது மூன்றரை நொடி.

ஆனால் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. அகரவரிசையில் ஏறுவதால் கோடைமேலழகியானுக்கு முன்னால் அரியநாயகிபுரத்தில் தண்ணீர் பாய்கிறது. நதியைப் பார்த்தவன் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டான். பெயர்களுக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு ஆற்றின் வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டிய வம்பு ஒன்று உண்டு. கன்னடியன் பழவூரை ரிக்வயர் செய்கிறது, பழவூர் கன்னடியனை. ‘நான் ஏறிவிட்டேன்’ என்று அறிவிக்கும் ப்ரோவைட் இரண்டிலும் கடைசி வரியில், அதனால் ஒன்றையொன்று மாறி மாறி ஏற்றப் பார்க்கும். மடையில் இருந்த ஓட்டையை அடைக்கும் வரை தற்காலிகமாகக் கன்னடியனில் அந்த ரிக்வயர் வரியை முடக்கி வைத்திருக்கிறேன். கன்னடியனுக்குத் தேவைப்படுவது பழவூரின் ஒரே ஒரு செயற்கூறுதான் என்பதால் அங்கே ஆட்டோலோட் (அழைக்கும்போது மட்டும் ஏற்றுவது) போதும் என்று நினைக்கிறேன். மேலணை கீழணையைக் கேட்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துவிட்டால் சுழற்சிக்கே இடமில்லை. ஆனால் தமிழ்-இன்ஸ்கிரிப்ட் தட்டச்சு முறையை ஆர்க் கோப்புகளில் மட்டும் தானாகத் தொடங்கவைக்கும் என் வரிகள் எந்த அணையைச் சேர்ந்தவை என்பதில் எனக்கே தெளிவில்லை.

விசைப்பலகையும் மாற்ற வேண்டும். கன்ட்ரோல் விசையின் எழுத்து தேய்ந்து போயிற்று, சுண்டுவிரலும் தேய்ந்துகொண்டிருக்கிறது. கேப்ஸ் லாக்கை கன்ட்ரோலாக்கி ஒரு வருடம் ஓட்டிவிட்டேன். வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் மெக்கானிகல் விசைப்பலகை வைத்திருக்கிறார்கள்; தமிழ் எழுத்து ஒட்டிகள் கேட்டால் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதும்போதுதான் கவனித்தேன்: ஸ்ரீவைகுண்டம் கோப்பில் ப்ரோவைட் தவிர ஒரு வரிகூட இல்லை. எட்டு கணக்குக்காகவே திறந்து வைத்தது.