செவலைக்கு ஒரு வேலை

செவலை எங்கள் வீட்டுக்கு வந்து வருகிற ஆவணியோடு ஒரு வருடம் ஆகிறது. காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு போனால் தெருவில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். ஒன்று, "ஏம்மா, இதுக்குச் சோறே போடுறதில்லையா?" இன்னொன்று, "வேட்டை நாயை வீட்டுக்குள்ள வச்சு எப்படிச் சமாளிக்கிறீங்க?"

முதல் கேள்விக்கு அங்கேயே நின்று பதில் சொல்லிவிடுவேன். சிப்பிப்பாறை நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரியத்தான் வேண்டும், அதன் உடல்வாகு அப்படி. வந்தபோது 13 கிலோ இருந்தான், இப்போது 19. இதற்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று கால்நடை மருத்துவரே சொல்லியிருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு ரோட்டில் நின்று பதில் சொல்லி முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

திருமங்கலம் தாண்டி ஒரு தோட்டத்தில், மோட்டார் ரூமுக்கு வெளியே சங்கிலியில் கட்டிக் கிடந்தவன் அவன். தோட்டம் கை மாறியபோது பழைய ஆட்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு நாயை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் தண்ணீரும் மிச்சச் சோறும் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். என் மகனின் நண்பன் ஒருவன் நாய்களை மீட்கும் பிள்ளைகளோடு போகிறவன். அவன்தான் படம் அனுப்பினான். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. சங்கிலி உராய்ந்து உராய்ந்து தோல் கறுத்துக் காய்த்துப்போயிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

முயல் பிடிப்பதற்கென்றே கரிசல் காட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் இது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். அது சரியான சட்டம், எனக்கு அதில் மறுபேச்சு கிடையாது. ஆனால் சட்டம் வந்தது நாய்க்குத் தெரியாதே. அதன் கண்ணும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசும்போது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் நாய்களின் பெயர்களைச் சொன்னார். கேட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஆசைப்பட்டுக் குட்டி வாங்கி, மாடி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் தவித்த இரண்டு குடும்பங்களை எனக்கே தெரியும். பெயரைக் காப்பாற்றினால் போதாது, அந்த உடம்புக்குள் இருக்கிற ஓட்டத்தை என்ன செய்வது என்றும் யோசிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இதைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தவர் என் அத்தை மட்டும்தான். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கோவில்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், வயது 74. அவருடைய அய்யா இந்த நாய்களை வளர்த்திருக்கிறார். ஆட்டோவிலிருந்து இறக்கியதும் அத்தை வாசற்படியில் உட்கார்ந்து புறங்கையை நீட்டினார். அவன் கழுத்தை மட்டும் நீட்டி முகர்ந்துவிட்டுப் பின்வாங்கினான். "செவலை" என்றார். பெயர் அதோடு முடிந்தது. அப்புறம் என்னைப் பார்த்து, "ஏ தாயி, இது ஓட்ட நாயி. கட்டியும் போடக் கூடாது, அவுத்தும் விடக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி பாரு" என்றார். அந்த நடு வழியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

முதல் இரண்டு வாரம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். உண்ணிக் காய்ச்சல் இருந்ததால் 28 நாள் மாத்திரை. மாத்திரையை வாழைப்பழத்தில் பொதிந்து கட்டிலுக்கு அடியில் உருட்டிவிடுவேன். மீட்புப் பிள்ளைகள் ஒரு கணக்கு சொல்வார்கள்: பயம் தெளிய 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று நினைக்க 3 மாதம். செவலைக்கு முதல் கணக்கு மட்டும் தப்பியது. தினமும் மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, அவனைப் பார்க்காமல் படுத்துக்கொள்வேன். பதினாறாவது நாள் என் உள்ளங்காலில் அவன் மூக்கு ஈரமாகப் பட்டது. நான் அசையவே இல்லை.

உடம்பு தேறியதும் ஆரம்பித்தது. நான் வீட்டிலிருந்தே கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவள். மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். ஒரு 18ஆம் தேதி மாலை, ஒரு ஹார்டுவேர் கடையின் கொள்முதல் பில் கட்டு முழுவதையும் அவன் நார் நாராகக் கிழித்துவைத்திருந்தான். தலையணை, மிதியடி, மகனின் ஹெட்போன் வயர் எல்லாம் அதற்கு முன்பே போயிருந்தன. ஃபேன் நிழல் சுவரில் சுற்றினால் அதைப் பார்த்தபடி மணிக்கணக்கில் நிற்பான். அணில் மதில் மேல் ஓடினால் ஜன்னல் கம்பியில் மோதுவான். இது சேட்டை என்று எனக்குத் தோன்றவில்லை. வேலை கேட்டு நிற்கிற ஒருவனின் தவிப்பு அது.

ஓடவிட்டால் அடங்கிவிடுவான் என்று நினைத்தோம். மகன் தினமும் காலையில் அவனோடு 5 கிலோமீட்டர் ஓடினான். ஒரு மாதத்தில் செவலையின் தொடைச் சதை இறுகியது, மூச்சு சீரானது, வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் மறுபடி வாசலில் போய் நின்றான். ஓட ஓட உடம்புக்குப் பலம் கூடியதே தவிர மனது நிறையவில்லை. இதைப் பலரும் செய்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: அலுத்துப்போகும் வரை ஓட வைப்பது இந்த நாய்க்கு வழியே இல்லை.

வழி காட்டியது ஒரு விபரீதம். ஒரு நாள் காலை நாகமலை புதுக்கோட்டையிலிருந்து கீழக்குயில்குடி போகிற பக்கம் அவனை நடத்திக்கொண்டு போனேன். சமணர் மலைப் பக்கம் மயில்கள் அதிகம், அதனால் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருந்தேன். திடீரென்று நின்றான். காது இரண்டும் பின்னால் மடங்கின, முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து எழும்பி அப்படியே நின்றது, தொடைத் தோல் குதிரைக்கு ஈ உட்கார்ந்தது போலச் சிலிர்த்தது. அவன் பார்த்த திசையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நொடி தலையைக் குனிந்து பின்னால் ஓர் இழு இழுத்தான். என் கையில் கயிறும் காலிக் கழுத்துப்பட்டையும்தான் மிஞ்சின.

இந்த நாய்களுக்குத் தலை கழுத்தைவிடக் குறுகல். சாதாரணப் பட்டை எவ்வளவு இறுக்கினாலும் நழுவும். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவன் ஓடியதை நான் மறக்கவே மாட்டேன். முதுகு வில்லாக வளைந்து நிமிர்ந்தது, நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டன. காய்ந்த கண்மாய்த் தரையில் சின்னச் சின்னப் புழுதி மட்டும் வரிசையாக எழும்பியது. அவன் குறி வைத்தது காற்றில் உருண்டு போன ஒரு வெள்ளை கேரி பையை. கண்மாயின் அந்தப் பக்கக் கரைக்கு முன்னால் அதைப் பிடித்துவிட்டான். இரண்டு உதறு உதறினான். அப்புறம் தலையைத் திருப்பி என்னைத் தேடினான். நான் போட்ட சத்தமெல்லாம் அதுவரை அவன் காதில் விழவே இல்லை. பையை வாயில் வைத்தபடியே நடந்து என்னிடம் வந்தான். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துப் படுத்தவன் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. தினமும் 5 கிலோமீட்டர் ஓடியும் வராத தூக்கம், ஒரு நிமிடம்கூட இல்லாத அந்த ஓட்டத்தில் வந்தது.

அவனுக்கு வேண்டியது தூரம் இல்லை. கண்ணில் பட வேண்டும், துரத்த வேண்டும், பிடிக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்.

மறுநாளே அத்தையும் நானும் உட்கார்ந்து ஒரு கம்பு தயார் செய்தோம். ஆறடி மூங்கில் கம்பு, நுனியில் எட்டடி நைலான் கயிறு, கயிற்றின் முடிவில் பழைய நூல் சேலையைக் கிழித்த முழ நீளத் துணி. நடுவில் நின்று நான் கம்பைச் சுழற்றினால் துணி தரையோடு தரையாக வளைந்து வளைந்து ஓடும். முதலில் கட்டியது சிவப்புச் சேலை. புல் இருந்த இடத்தில் துணி நின்றுவிட்டால் அவன் தொலைத்துவிட்டு முழித்தான். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, நீலமும் மஞ்சளும்தான் தெளிவாகத் தெரியும் என்று மருத்துவர் சொன்னார். நீலச் சேலைக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு ஒரு முறைகூடத் தொலைக்கவில்லை. இன்னொன்றும் சொன்னார். நீள முகம் உள்ள நாய்களுக்கு விழித்திரையில் நரம்புச் செல்கள் குறுக்கே ஒரு பட்டை போல நெருங்கி இருக்குமாம். அடிவானத்தில் ஒரு துரும்பு அசைந்தாலும் இவன் கண்ணில் பட்டுவிடும் என்று அத்தை சொன்னதும் இதைத்தான்.

பக்கத்து வீட்டுக்காரரின் சுற்றுச்சுவர் வைத்த காலி மனை ஒன்று இருக்கிறது. கேட்டைப் பூட்டிக்கொண்டு அங்கேதான் ஆட்டம். காலை ஐந்தரைக்குப் போனால் நாலு, ஐந்து ஓட்டம், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். ஒவ்வொரு ஓட்டமும் அவன் வாயில் துணி சிக்குவதோடு முடிய வேண்டும். பிடிக்கவே விடாமல் ஏமாற்றினால் வெறிதான் ஏறும், ஓரிரு நாள் மகன் அப்படி விளையாட்டுக் காட்டி நான் கண்டித்திருக்கிறேன். இன்னும் ஒரு ஓட்டம் ஓடுவான் என்று தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். நெஞ்சு ஆழமான நாய், வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது, அதனால் ஓட்டம் முடிந்து இளைப்பாறிய பிறகுதான் சாப்பாடு. அக்கினி நட்சத்திரத்தில் ஓட்டமே கிடையாது. மற்ற நாளிலும் வெயில் ஏறிவிட்டால் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார்ப்பேன். என் கைக்குச் சுட்டால் அவன் பாதத்துக்கும் சுடும்.

கழுத்துப்பட்டையைப் பஸ் ஸ்டாப் பக்கத்தில் செருப்புத் தைக்கிற அண்ணன் செய்து கொடுத்தார். இரண்டு அங்குல அகலம், உள்ளே மெத்தென்ற துணி, இழுத்தால் தலை அளவுக்கு மட்டும் இறுகி நின்றுகொள்ளும் ஒரு வளையம். செவலையை நேரில் கூட்டிப்போய் அளவெடுத்தோம். அந்தக் காய்ப்பு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு அவர் காசு வாங்க மறுத்தார். வெளியே போகும்போது இன்றைக்கும் அவனை அவிழ்த்து விடுவதில்லை. கண்ணில் ஒன்று பட்டுவிட்டால் என் குரல் அவனுக்குக் கேட்காது. அது அவன் குற்றமில்லை.

வெயில் நாளுக்கும் மழை நாளுக்கும் வேறு வேலை. ஹார்டுவேர் கடையிலிருந்து காலி அட்டைப் பெட்டிகள் வரும். பத்துப் பெட்டியை ஹாலில் கவிழ்த்துப் பரப்பி, உப்புப் போடாமல் வேகவைத்த கோழி ஈரலை மூன்றில் மட்டும் ஒளித்துவைப்பேன். கண்ணால் வேட்டையாடும் நாய்க்கு மூக்கு வேலை எதற்கு என்று நானும் நினைத்தேன். முதல் நாள் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். நாலாம் நாள் மூக்கைத் தரையில் வைத்து, ஒவ்வொரு பெட்டியின் விளிம்பிலும் மூச்சை இழுத்து இழுத்துப் போனான். பத்து நிமிடம் அப்படித் தேடினால் இரண்டு மணி நேரம் தூங்குகிறான். 18, 19, 20 தேதிகளில் என் தாக்கல் வேலை இந்தப் பெட்டிகளால்தான் நடக்கிறது. பெட்டியைக் கிழிக்க வேண்டுமென்றாலும் கிழிக்கலாம், அது அவனுடையது. பில் கட்டைத் தொட்டு எட்டு மாதம் ஆகிறது.

அத்தையின் பங்கு சிரட்டை. கேப்பைக் கூழில் தயிர் கலந்து தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுவார். பிற்பகலில் அதை முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நக்குவான். கூழ் தீர்ந்ததும் சிரட்டையை எடுத்துவிட வேண்டும், கடித்து உடைத்தால் சில்லு தொண்டையில் குத்தும். அத்தை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பூனையைப் பார்த்தால் இப்போதும் அதே சிலிர்ப்பு. தீபாவளி வெடிக்கு இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான், நானும் பாயை எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் ஃபேன் நிழலை இப்போதெல்லாம் பார்ப்பதே இல்லை.

அத்தையின் அய்யா காலத்தில், பிடித்ததை நாய் கொண்டுவந்து அவர் காலடியில்தான் போடுமாம். அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போன மாசியிலிருந்து அத்தையும் காலையில் எங்களோடு காலி மனைக்கு வருகிறார், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறார். கடைசி ஓட்டத்தில் துணியைப் பிடித்ததும் செவலை இரண்டு உதறு உதறிவிட்டு, கயிற்றை இழுத்துக்கொண்டே, கம்பு பிடித்து நிற்கிற என்னைத் தாண்டி அவரிடம் போகிறான். காலடியில் போடுகிறான். யாரும் அதை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அத்தை குனிந்து துணியை எடுத்து, எச்சிலை முந்தானையில் துடைத்துவிட்டு, "போதும்யா, மிச்சம் நாளைக்கு" என்கிறார்.

நீலச் சேலை நைந்துபோய்விட்டது. நேற்று பீரோவைத் திறந்து மஞ்சள் சுங்குடி ஒன்றை எடுத்துக் கிழித்து வைத்திருக்கிறார்.