இரண்டு கட்டைக்கு நடுவே நின்ற இசை

அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள்.

1990களின் நடுவில் லண்டனிலிருந்து வந்த மாமா எனக்கென்று ஒரு வி.எச்.எஸ். கேசட் கொண்டுவந்தார். ரிட்லி ஸ்காட்டின் ஹாலிவுட் படம் 'பிளேட் ரன்னர்', 1992ல் வெளிவந்த டைரக்டர்ஸ் கட், அதாவது இயக்குநரின் பதிப்பு. எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. லிஃப்ட் கதவு மூடி, பெயர்கள் ஓடத் தொடங்கும்போது எழும், படத்தின் இசையமைப்பாளர் வாங்கெலிஸின் இசைக்காகவே ரிவைண்ட் செய்து செய்து, அந்த இடத்தில் டேப்பில் கோடு விழுந்துவிட்டது. சில வருடங்கள் கழித்து அந்த இசையின் சிடி கைக்கு வந்தது. போட்டால், இசை அதேதான்; ஆனால் கொஞ்சம் கனத்து, இறங்கிப்போன மாதிரி இருந்தது. பிளேயரில் கோளாறு என்றுதான் நினைத்தேன்.

அக்கா பாட்டு சொல்லிக்கொடுப்பவள். ஆர்மோனியத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு "திரும்பப் போடு" என்றாள். சிடி ஓடும்போது ஒரு கட்டையை அழுத்தினாள், சேர்ந்தது. பிறகு கேசட்டைப் போடச் சொன்னாள். அதே கட்டையில் சேரவில்லை. அடுத்த கட்டைக்குப் போனாள், அதிலும் இல்லை. "டேய், இது ரெண்டு கட்டைக்கும் நடுவுல நிக்குதுடா. சிடி சரியா இருக்கு, உன் கேசட்தான் ஏறிக் கெடக்கு" என்றாள்.

காரணம் புரியப் பல வருடம் ஆனது. சினிமா ஒரு வினாடிக்கு 24 பிரேம் ஓடும். நம் ஊரிலும் பிரிட்டனிலும் இருந்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவி 25 பிரேம் காட்டும். பால் வீடியோவுக்கு மாற்றும்போது படத்தை 25ஆகவே ஓட்டிப் பதிந்துவிடுவார்கள். வேகம் 4 சதவீதம் கூடும். 117 நிமிடப் படம் 112 நிமிடத்தில் முடிந்துவிடும். கூடவே சுருதியும் ஏறும்: அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவும் ஜப்பானும் வைத்திருந்த என்.டி.எஸ்.சி. முறையில் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு தரம், மூன்று தரம் என்று மாற்றி மாற்றிக் காட்டி ஈடுகட்டுவார்கள். அசைவு லேசாகத் தடுக்கும், ஆனால் சுருதி கெடாது. அத்தனை வருடமும் நான் உருகிக் கேட்டது வாங்கெலிஸ் வாசித்த சுருதியே இல்லை. அன்றிலிருந்து என் சேகரிப்புக்கு ஒரே ஒரு நோக்கம்தான். இந்தப் படத்தின் ஒவ்வொரு வடிவத்தையும், அதில் வரும் ஒவ்வொரு இசையையும், உள்ளபடி கேட்டுவிட வேண்டும்.

இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, டிவிடி எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் மண்டல எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பது. பிரிட்டனும் ஜப்பானும் இரண்டுமே மண்டலம் 2. ஆனால் பிரிட்டன் டிஸ்க் பால், ஜப்பான் டிஸ்க் என்.டி.எஸ்.சி. எண் ஒன்று, சுருதி வேறு. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் நிமிடக் கணக்கைப் பாருங்கள். மண்டல எண்ணைவிட அதுதான் எனக்கு உதவியது. அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் 1997ல் வந்த டைரக்டர்ஸ் கட் டிவிடியைக் கொண்டுவந்து கொடுத்தார், அட்டை மூடியில் பிளாஸ்டிக் கொக்கி போட்ட அந்தப் பழைய உறையில். சுருதி சரியாகிவிட்டது.

ஆனால் 1982ல் மக்கள் தியேட்டரில் பார்த்த படம் அது இல்லை. அதில் ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரல் உண்டு. நாயகனும் நாயகியும் மலைகளுக்கு நடுவே காரில் போகும் சுபமான முடிவு உண்டு. அந்த ஹெலிகாப்டர் காட்சிகள் ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்கு எடுத்து மிஞ்சியவை. வெளிநாடுகளுக்குப் போன இன்டர்நேஷனல் கட்டில் வன்முறை சில வினாடிகள் கூடுதல். நான் தேடிய 2006 வாக்கில் இது டிவிடியில் கிடையாது. கேசட்டிலும் லேசர்டிஸ்கிலும்தான் இருந்தது.

எனவே லேசர்டிஸ்க். எல்.பி. ரெக்கார்டு அளவுக்கு, 30 செ.மீ. அகலம். ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். இதற்கு மண்டல எண் கிடையாது, அது பெரிய நிம்மதி. கிரைடீரியன் என்ற வீடியோ நிறுவனம் 1987ல் அமெரிக்காவில் அகலத்திரையாகவே இதை எல்.டி.யில் போட்டிருந்தது, அதன் விலை எனக்கு எட்டவில்லை. ஜப்பான் பதிப்புகள் மலிவு. அங்கே நேராக வாங்க முடியாது என்பதால், நம் சார்பில் ஏலம் கேட்டு அனுப்பும் இடைத்தரகர் ஒருவரைப் பிடித்தேன்.

முதலில் வாங்கியதே தவறு. ஜப்பானியர்கள் இந்தப் படத்துக்குப் பெயர் வைத்த விதம் அப்படி. இன்டர்நேஷனல் கட்டுக்கு 'கன்சென்பான்', அதாவது முழுமையான பதிப்பு. 1992ன் டைரக்டர்ஸ் கட்டுக்கு 'சைஷூபான்', இறுதிப் பதிப்பு. இறுதி என்றால் எல்லாம் சேர்ந்ததாக இருக்கும் என்று நம்பி சைஷூபானை எடுத்துவிட்டேன். என்னிடம் ஏற்கெனவே இருந்த அதே படம் பெரிய தட்டில் வந்தது. ஜப்பான் பதிப்பு தேடுகிறவர்கள் இந்த இரண்டு சொற்களின் எழுத்து வடிவத்தையும் படமாகச் சேமித்து வைத்துக்கொண்டு, ஏலப் புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

பார்சலை அஞ்சல் சுங்கப் பிரிவில் போய் எடுத்தேன். பில்லின் நகல், அடையாள அட்டை, என்ன பொருள் என்று ஒரு கடிதம். அதிகாரி உறையிலிருந்து தட்டை வெளியே எடுத்து, விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இவ்ளோ பெரிய சிடியா?" என்றார். படம் பார்க்கிற டிஸ்க் என்று விளக்கினேன். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, விரல் படாமல் அவரே உறைக்குள் போட்டுக் கொடுத்தார். உறையின் இடது ஓரத்தைச் சுற்றியிருந்த காகிதப் பட்டை கிழியாமல் வந்திருந்தது. அதற்கு ஓபி என்று பெயர், கிமோனோவின் இடுப்புக் கச்சைக்குச் சொல்லும் அதே சொல். இந்தப் பட்டை இல்லையென்றால் ஜப்பான் பதிப்புக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு பாதிதான்.

பிளேயர் கிடைத்த கதை தனி. கரோக்கே அறையை மூடிய ஓட்டல் ஒன்றிலிருந்து பழைய பயனியர் பிளேயர் ஒன்று, தெரிந்தவர் மூலம் வந்தது. வீட்டில் போட்டால் மோட்டார் சத்தம் கேட்கிறது, டிஸ்க் வைக்கும் தட்டு வெளியே வரவில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஓர் அண்ணன் மூடியைக் கழற்றினார். தட்டைத் தள்ளும் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி சக்கரத்தில் ஒட்டியிருந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, பல்லிடுக்கு பல்லிடுக்காகத் துடைத்து எடுத்தார். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு டேப் ரெக்கார்டர் பெல்ட் டப்பாவைக் கவிழ்த்து, ஐந்தாறு பெல்ட்டை மாட்டி மாட்டிப் பார்த்து ஒன்றை உட்கார வைத்தார். லென்ஸையும் துடைத்துவிட்டு, "இதுக்கு இனிமே சாமான் வராது தம்பி, பாத்து வச்சுக்கோ" என்றார். அவர் சொன்ன மாதிரியே 2009ல் பயனியர் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த பெல்ட் இன்னும் ஓடுகிறது.

கன்சென்பான் இரண்டாவது பார்சலில் வந்தது. நல்ல நிலை என்று எழுதியிருந்தார்கள். முதல் பக்கம் சுத்தம். இரண்டாம் பக்கத்தில் திரை முழுக்கப் பொரிப்பொரியாகப் புள்ளிகள், கறுப்புக் காட்சிகளில் உப்புத் தூவியது போல. லேசர் ராட் என்பார்கள். எல்.டி. என்பது இரண்டு தட்டுகளை முதுகோடு முதுகாக ஒட்டியது. பசை சரியில்லையென்றால் உள்ளே இருக்கும் அலுமினியப் பூச்சு அரித்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, துடைத்தால் போகாது. விற்றவர் பாதிப் பணத்தைத் திருப்பினார். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தையும் ஓட்டி, திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்வேன். மறுப்பவரிடம் வாங்குவதில்லை. அப்படி வந்த மூன்றாவது தட்டுதான் இன்று அலமாரியில் இருப்பது.

பின்னணிக் குரலோடு அந்தப் படத்தை முதல்முறை பார்த்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. குரல் எனக்குப் பிடிக்கவில்லை. மௌனமாக இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் பேசுகிறது. ஆனால் பத்து வருடம் இந்தப் படத்தைக் காதலித்தவர்கள் காதலித்தது இதைத்தான் என்று தெரிந்தபோது அவர்கள்மேல் ஒரு மரியாதை வந்தது. கடைசியில் ஓடும் எழுத்துகளில் ஒரு வரி: இசைத் தட்டு பாலிடார் ரெக்கார்ட்ஸில் கிடைக்கும். கிடைக்கவில்லை. 12 வருடம் கிடைக்கவில்லை.

இசை சேகரிப்பின் முழுக் கஷ்டமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. 1982ல் வந்ததோ நியூ அமெரிக்கன் ஆர்கெஸ்ட்ரா வாசித்த தட்டு. பெங்களூரில் ஒரு பழைய ரெக்கார்டுக் கடையில் கிடைத்தது. படத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டிருப்பதால் வாங்கெலிஸ் என்று நினைத்து வாங்கியவர்கள் ஏராளம். வாசிப்பில் குறையில்லை, ஆனால் உயிர் வேறு. வாங்கெலிஸ் யமஹா சி.எஸ்.80 சிந்தசைசரில் வாசித்தவர். அதில் கட்டையை அழுத்திய பின்னும் விரலின் அழுத்தத்தால் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக மாற்ற முடியும். மேலே ஒரு ரிப்பன் உண்டு, அதில் விரலை இழுத்தால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். அக்கா இதைக் கேட்டுவிட்டு "கமகம் புடிக்கிறாருடா" என்றாள். ஆர்கெஸ்ட்ரா தட்டில் அந்தக் கமகம் இல்லை.

அசல் இசை துண்டு துண்டாகத்தான் வந்தது. 'மெமரீஸ் ஆஃப் கிரீன்' படத்துக்கும் முன்பே, 1980ல் வாங்கெலிஸின் 'சீ யூ லேட்டர்' ஆல்பத்தில் வந்துவிட்டது. 1989ல் 'தீம்ஸ்' தொகுப்பில் முடிவு இசையும் காதல் இசையும். 1994ல்தான் முழு ஆல்பம், ஆனால் அதிலும் வசனங்கள் இசைமேல் ஏறி நிற்கும், படத்தில் வராத பாட்டும் இருக்கும். காதல் இசையில் டிக் மோரிசி வாசித்த சாக்ஸபோன் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் கேட்கிறது. அதற்காகவே அந்த சிடிக்கு நான் என்றும் கடன்பட்டவன். 2007ல் மூன்று சிடி பெட்டி வந்தது. முதலாவது பழைய ஆல்பம், இரண்டாவதில் அதுவரை வராதவை, மூன்றாவது முழுக்கப் புது இசை. இரண்டாவதற்காக வாங்குங்கள். இடைப்பட்ட காலத்தில் ரசிகர்களுக்காக அனுமதியில்லாத சிடிகளும் சுற்றின; நான் வாங்கவில்லை, ஆனால் காத்திருந்து ஏங்கியவர்களின் தவிப்பு எனக்குப் புரியும்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. விளம்பர ஆகாயக் கப்பல் கட்டடங்களுக்கு மேலே மிதக்கும்போது கேட்கும் ஜப்பானியக் குரல் வாங்கெலிஸ் இசையமைத்ததே இல்லை. என்ஸாம்பிள் நிப்போனியா என்ற ஜப்பானிய இசைக்குழு வாசித்த 'ஓகி நோ மாட்டோ', நான்சச் நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் வரிசைத் தட்டில் இருப்பது. 1185ல் யஷிமா போரில், படகில் கட்டிய விசிறியை ஒரு வில்லாளி அலைகளுக்கு நடுவே குறிபார்த்து அடித்த கதை. அந்தத் தட்டு அமெரிக்காவிலிருந்து வந்தது, நான் கொடுத்த தபால் செலவில் கால் பங்குகூட அதன் விலை இல்லை. முழுதாகக் கேட்ட பிறகு, அந்தக் காட்சிகளில் நகரத்துக்கு மேலே மிதக்கும் சோகம் எங்கிருந்து வருகிறது என்பது பிடிபட்டது.

2007 கடைசியில் ஐந்து வடிவங்களும் ஒரே பெட்டியில் வந்தன: வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பிரதியான வொர்க்பிரிண்ட், 1982ன் இரண்டு, 1992, புதிதாக ஃபைனல் கட். சூட்கேஸ் மாதிரி உறை, உள்ளே படத்தில் வரும் பறக்கும் வண்டியான ஸ்பின்னரின் பொம்மை, ஒரு யூனிகார்ன். டிவிடி, புளூ-ரே, எச்.டி. டிவிடி என்று மூன்று விதமாக விட்டார்கள், எச்.டி. டிவிடியை 2008 பிப்ரவரியிலேயே தோஷிபா கைவிட்டது, எனவே பழைய சரக்கு வாங்கும்போது உறையைக் கவனியுங்கள். நான் புளூ-ரே எடுத்தேன். அது 24 பிரேமிலேயே ஓடும். சுருதிச் சண்டை அதோடு முடிந்தது. ஃபைனல் கட்டில் பறக்கும் வண்டியைத் தூக்கும் கம்பிகள் அழிக்கப்பட்டிருக்கின்றன; கடைசிப் பகுதியில் வரும் புறா பகல் வானத்துக்குப் பதில் இரவு வானத்தில் பறக்கிறது. பார்க்க வேண்டியது இதுதான் என்பேன். ஆனாலும் எல்.டி.யை விற்க மனம் வரவில்லை.

சென்னைப் புழுக்கத்தில் இவற்றைக் காப்பது தனி வேலை. எல்லாம் நிமிர்த்தியே நிற்கும், ஒன்றன்மேல் ஒன்று கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் சிலிக்கா ஜெல் பை மாதம் இருமுறை மாறும். பூஞ்சை பிடித்த உள்ளுறையை உடனே தூக்கிப்போட்டுப் புது உறை.

2022 மே 17 அன்று வாங்கெலிஸ் காலமானார். அந்த வாரக் கடைசியில் அக்கா திருச்சியிலிருந்து வந்திருந்தாள். கன்சென்பானின் இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். கார் மலைச்சாலையில் ஓட, முடிவு இசை எழுந்தது. பழைய ஆர்மோனியத்தைத் தூசி தட்டி அவளே எடுத்து வைத்திருந்தாள். துருத்தியை அசைத்து ஒரு கட்டையை அழுத்தினாள்; சேர்ந்தது. தலையை மட்டும் ஆட்டினாள், ஒன்றும் சொல்லவில்லை. எழுத்துகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. பாலிடார் வரி வந்து போன பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை.