அட்லீ தோற்ற அக்டோபர்: சில நாட்குறிப்புகள்

2025 அக்டோபர் 19, ஞாயிறு

1951 பிரிட்டன் தேர்தல் கணக்கை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆண்டுகொண்டிருந்த தொழிற்கட்சிக்கு 1 கோடியே 39 லட்சம் ஓட்டு. அந்த நாட்டில் அதுவரை எந்தக் கட்சியும் அவ்வளவு வாங்கியதில்லை. சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் அணிக்கு 1 கோடியே 37 லட்சம்தான். சீட் கணக்கு மட்டும் தலைகீழ்: தொழிற்கட்சி 295, சர்ச்சில் அணி 321. தொழிற்கட்சிப் பிரதமர் கிளெமென்ட் அட்லீ பதவியை விட்டு இறங்கினார்.

மக்கள் அந்த ஆட்சியைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று யாராவது எழுதினால் எனக்கு ஆறுவதே இல்லை. 1945இல் வாங்கியதைவிட ஏறக்குறைய 20 லட்சம் ஓட்டு கூடியிருக்கிறதே!

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. அம்மா முறுக்கைக் காபியில் ஊறவைத்துத்தான் தின்றாள். பல்செட்டுக்கு ஆகும் தொகையைக் கேட்டதிலிருந்து, "இருக்கிற நாலு பல்லு போதும்டா" என்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

அட்லீயின் சுகாதார அமைச்சராக இருந்த அனைரின் பெவனின் கோபம் எனக்குப் புரிவது இங்கேதான். 1948 ஜூலையில் அவர் தொடங்கிவைத்த தேசிய சுகாதார சேவையில் பல்செட்டும் மூக்குக்கண்ணாடியும் இலவசம். 1951 ஏப்ரல் பட்ஜெட்டில் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், பாதி விலையை நோயாளிகளே கட்டட்டும் என்றார். கொரியப் போரை ஒட்டி மூன்றாண்டில் 470 கோடி பவுண்டு ராணுவத்துக்கு என்று முடிவாகியிருந்தது. பல்லிலும் கண்ணாடியிலும் முதல் ஆண்டில் மிச்சம் பிடிக்க நினைத்ததோ 1 கோடியே 30 லட்சம். இதற்காகப் பெவன், ஹரால்டு வில்சன், ஜான் ஃப்ரீமன் மூவரும் அமைச்சர் பதவியை விட்டு விலகினார்கள். கெய்ட்ஸ்கெல் அந்தப் பணத்தை விட்டிருக்க வேண்டும். கட்சி தன் கையாலேயே கட்டியதைத் தானே சுரண்டலாமா?

அதே ஏப்ரலில், அதுவரை வெளியுறவைப் பார்த்துவந்த இன்னொருவர், எர்னஸ்ட் பெவின், இறந்துபோனார். கெய்ட்ஸ்கெல்லுக்கு முன் நிதியமைச்சராக இருந்த கிரிப்ஸ் அதற்கு முன்பே உடம்பு முடியாமல் விலகியிருந்தார். போர்க்காலத்திலிருந்தே ஓயாமல் உழைத்த மனிதர்கள் இவர்கள்.

அக்டோபர் 22, புதன்

கறி ரேஷன். 1951 தொடக்கத்தில் ஆளுக்கு வாரம் 8 பென்ஸ் பெறுமான கறிதான். அர்ஜென்டினாவோடு விலைத் தகராறு. போர் முடிந்து ஆறாவது வருஷம், ரேஷன் புத்தகத்தோடு கறிக்கடை வாசலில் கால்கடுக்க நிற்கிற பெண்ணிடம் ஏற்றுமதிக் கணக்கைச் சொல்லிச் சமாதானப்படுத்த முடியுமா? அந்தப் பக்கம் சர்ச்சில் அணியினர் ஆண்டுக்கு 3 லட்சம் வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள்.

அக்டோபர் 23, வியாழன்

லிபரல் கட்சி 1950இல் 475 பேரை நிறுத்தியது. 1951இல் காசில்லாமல் 109 பேர்தான். ஆள் இல்லாத தொகுதிகளில் லிபரல் ஓட்டில் பெரும்பங்கு கன்சர்வேட்டிவ் பக்கம் சாய்ந்தது. இழுபறித் தொகுதிகளில் அதுவே போதுமானதாக இருந்தது. தொழிற்கட்சி ஓட்டோ நிலக்கரிச் சுரங்க ஊர்களில் மலைபோல் குவிந்து கிடந்தது. ஒரு தொகுதியில் இருபதாயிரம் அதிகம் வாங்கினாலும் சீட் ஒன்றுதானே.

அக்டோபர் 25, சனி

ஓட்டுப் பதிவு நடந்தது இதே தேதியில்தான்.

அட்லீ அந்த வருஷமே தேர்தல் வைத்திருக்க வேண்டியதில்லை. சட்டப்படி 1955 வரை நேரம் இருந்தது. ஆனால் 1950இல் கிடைத்த பெரும்பான்மை வெறும் 5. நோயாளி உறுப்பினர்களைக்கூட நடுராத்திரி வாக்கெடுப்புக்குத் தூக்கிவர வேண்டிய நிலை. மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கு இன்னொரு கவலை. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குப் போவதாக இருந்தார். தான் இல்லாதபோது ஆட்சி கவிழ்ந்தால் என்ன செய்வது? அட்லீ அதை மதித்துத் தேதி குறித்தார்.

மரியாதை தெரிந்த மனிதர். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனாலும் இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம் என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. 1952இல் இறக்குமதிப் பொருள்களின் விலை இறங்கத் தொடங்கியது. அதன் பலன் சர்ச்சில் ஆட்சிக்குப் போனது. தொழிற்கட்சி திரும்பிவர 1964 ஆயிற்று.

தேர்தல் அறிவித்த சில நாளிலேயே மன்னருக்கு நுரையீரல் அறுவை சிகிச்சை. பயணம் மகள் எலிசபெத்துக்குப் போனது. அவர் கென்யாவில் இருந்தபோது, 1952 பிப்ரவரி 6 அன்று, மன்னர் காலமானார்.