யோபு புஸ்தகத்துல வர்ற சாத்தான்

குன்னூர்ல எங்க பைபிள் ஸ்டடில இந்த வாரம் யோபு முதல் அதிகாரம், அதுல சாத்தான் கர்த்தர் முன்னாடியே வந்து நிக்கிறான், அவர்கிட்ட பர்மிஷன் வாங்கித்தான் யோபுவ சோதிக்கிறான். யூதர்கள் பெரும்பாலும் அவன இப்படித்தான் பாக்குறாங்க, கடவுளுக்குக் கீழ நின்னு குத்தம் சாட்டுற அரசு வக்கீல் மாதிரி, போட்டி ராஜா கிடையாது. ஆதியாகமம் 3லயும் பாம்புதான் பேசுது, சாத்தான்ங்கிற பேரே அங்க இல்ல, நம்ம வெளிப்படுத்தல் 12தான் பழைய பாம்பே அவன்தான்னு சொல்லுது.

நரகம் இன்னும் பெரிய வித்தியாசம். நாம சண்டே ஸ்கூல்லயே நித்திய அக்கினின்னு கேட்டு பயந்து வளர்ந்தவங்க, ஆனா யூதர்களோட மத விளக்க நூலான தால்முத்ல கெஹின்னோம், அதாவது அவங்க சொல்ற நரக தண்டனை பெரும்பாலானவங்களுக்கு 12 மாசம்தான். அதனாலதான் செத்துப்போன அப்பா அம்மாவுக்காக சொல்ற காதிஷ் ஜெபத்த 11 மாசத்தோட நிறுத்துற வழக்கம், முழு வருஷமும் சொன்னா பெத்தவங்கள பெரிய பாவின்னு சொன்ன மாதிரி ஆயிடுமாம். இதப் படிச்சதும் மனசு அப்படியே நெகிழ்ந்துடுச்சுங்க.