பெட்ரோலில் முக்கினால் போதாதா?

2025 அக்டோபர் 4, சனி

பினாங்கின் ஜெலுத்தோங்கிலிருந்து மாமா கொண்டுவந்திருந்த எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தை, உள்ளே கழுவித் துப்புரவு செய்வதற்காக இன்று பிரித்தேன். சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் 1961இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தயாரிப்பில் பிறந்த, சாவி கொடுத்து ஓட்டும் வகை. உராய்வைக் குறைக்கும் கற்கள் 17, மணிக்கு 18,000 துடிப்பு. முழுதாகச் சாவி கொடுத்தாலும் சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. தீபாவளிக்கு அதைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது மாமாவின் விருப்பம்.

பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை, கடிகாரத்தை ஓட்டும் சுருளான மெயின்ஸ்பிரிங்கில் எஞ்சியிருக்கும் விசையை, சாவிக்குமிழை விரல்களால் பிடித்துக்கொண்டு, அச்சுருள் அவிழாமல் தடுக்கும் கொக்கியான கிளிக்கை விலக்கி மெல்ல இறக்குவதுதான். அதைச் செய்யாமல், சக்கரங்களைத் துடிப்புக்குத் துடிப்பு தடுத்துவிடும் கவையான பேலட் ஃபோர்க்கைத் தூக்கினால், தடையற்றுப்போன சக்கரங்கள் ஒரே மூச்சில் சுழன்று, பற்களையோ அச்சு முனைகளையோ ஒடித்துவிடக்கூடும். விசை இறங்கிய பிறகு, ஊசலாடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம், ஃபோர்க், சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் பாலங்கள், சக்கரங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, திருகாணிகளை அவையவை இருந்த இடத்தின்படி தனித்தனிக் கிண்ணங்களில் இட்டேன். லூப் என்னும் உருப்பெருக்கி வழியே பார்த்தபோது நோய் வெளிப்படையாகவே தெரிந்தது. கற்களைச் சுற்றிப் பழைய எண்ணெய் பழுப்பு வளையமாக இறுகிக்கிடந்தது. சில இடங்களில் பித்தளையோடு வினைபுரிந்து பச்சையேறியும் இருந்தது.

பக்கத்தில் அமர்ந்திருந்த மாமா கேட்டார்: "அந்தக் காலத்துல கடைக்காரரு வாட்சை அப்படியே பெட்ரோல்ல முக்கிக் குலுக்கிக் கொடுத்துடுவாரேப்பா, அது போதாதா?" ஓடுவதற்குப் போதும், அதுவும் சில மாதங்களுக்கு. பிரிக்காமல் முக்கும்போது அச்சு முனை கல்லின் துளைக்குள்ளேயே இருப்பதால், இறுகிய எண்ணெய் இளகுமே தவிர வெளியேறாது. கரைந்த அழுக்கு பாலங்களுக்கு அடியில் பரவி, பெட்ரோல் ஆவியானதும் மெல்லிய படலமாக மீண்டும் எல்லாவற்றின்மீதும் படியும். ஆயினும், குறைந்த கூலிக்கு ஒரு மணி நேரத்தில் கடிகாரத்தை ஓடவைத்துக் கொடுத்த அந்தக் கைத்திறனைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

2025 அக்டோபர் 5, ஞாயிறு

எந்தப் பாகம் எந்தத் திரவத்தில் இறங்கலாம் என்பதை முடிவுசெய்வது அரக்குதான். பேலட் ஃபோர்க்கின் இரண்டு கற்களும், பேலன்ஸ் சக்கரத்தின் அடியில் உள்ள ரோலர் கல்லும் அரக்கால் ஒட்டப்பட்டவை. அரக்கு ஆல்கஹாலில் கரையும். லைட்டர் பெட்ரோலில் கரையாது. ஆகவே அந்த இரண்டு பாகங்களுக்கும் லைட்டர் பெட்ரோல் மட்டுமே. மற்றவற்றுக்கு முதலில் லைட்டர் பெட்ரோலும் பிறகு 99 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும். சாமி விளக்கு அணைந்த பிறகே புட்டியைத் திறந்தேன், சன்னல்களும் திறந்திருந்தன. மூக்குக்கண்ணாடி கழுவும் அல்ட்ராசானிக் தொட்டி ஒன்று வீட்டில் உண்டு. ஆனால் தீப்பற்றும் திரவத்தை அதில் ஊற்றுவது வீட்டுக்கே தீ வைக்கும் வேலை என்பதால், அது அலமாரியிலேயே இருக்கட்டும்.

பேலன்ஸை அதன் பாலத்தோடு சேர்த்தே சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் இறக்கினேன். பேலன்ஸை ஊசலாடவைக்கும் மென்சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே எண்ணெய்த் துளி ஒன்று நின்றாலும் அவை ஒட்டிக்கொள்ளும். சுருளின் இயங்கும் நீளம் குறைந்து, கடிகாரம் நிமிடக் கணக்கில் முந்தி ஓடும். அதனால் கிண்ணத்தை இலேசாக அசைத்ததோடு சரி, தூரிகையை அதன் அருகே கொண்டுபோகவில்லை.

2025 அக்டோபர் 8, புதன்

மாலையிலிருந்து மழை. ஈரப்பதமானி 90ஐத் தொட்டுவிட்டதால் இன்று வேலை இல்லை. ஆல்கஹால் விரைந்து ஆவியாகும்போது உலோகத்தின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பாகத்தின்மீது காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படிகிறது. பித்தளைக்கு அதனால் பெரிய கேடில்லை. எஃகுத் திருகாணிக்கும் சக்கரத்தின் அச்சுக்கும் அதுவே துருவின் தொடக்கம். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் செய்முறைகளில் உலர்த்துவதற்கு ஒரு வரிதான் இருக்கும்; பினாங்கில் அக்டோபர் மாதத்தில் அதுவே பாதி வேலை.

2025 அக்டோபர் 11, சனி

இன்றுதான் உண்மையான துப்புரவு. திரவம் அழுக்கை இளக்கும். அதை வெளியே கொண்டுவருவது ஆரஞ்சு மரக் குச்சி. குச்சியின் முனையைக் கத்தியால் ஊசிபோலச் சீவி, கல்லின் துளையில் நுழைத்து இரு விரல்களுக்கு இடையே உருட்டினால், முனை கருத்து வெளியே வரும். மீண்டும் சீவி, மீண்டும் உருட்டி, முனை வெள்ளையாகவே திரும்பும் வரை ஒரு துளையை விட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. இரண்டு நாள் பெட்ரோல் கண்ட கல்லிலிருந்தும் முதல் குச்சி கருப்பாகத்தான் வந்தது. அதை மாமாவுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். அவருடைய கேள்விக்கு அதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

இந்தக் கற்கள் செயற்கை மாணிக்கங்கள். ஃபிரான்சின் ஒகுஸ்த் வெர்னேய் 1902இல் தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்ட பிறகே இவை மலிவாகிப் பரவின. மோஸ் அளவில் கடினம் 9 என்பதால் தூசியால் கல் எளிதில் தேயாது. எண்ணெயில் சிக்கிய தூசி அரைப்பதெல்லாம் எஃகு முனையைத்தான், அதுவும் பேலன்ஸில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டரே தடிமன் உள்ள முனையை. சிறு பற்சக்கரங்களின் பள்ளங்களையும் ஒவ்வொன்றாகக் குச்சியால் துடைத்தேன்.

அதிகப் பொறுமை கேட்டது பாராஷாக் அமைப்பு. பேலன்ஸ் முனையை அதிர்ச்சியிலிருந்து காக்கும் இந்தச் சிறு ஸ்பிரிங், சாமணம் சற்று வழுகினாலும் பறந்துவிடும் என்பதால், ஒளிபுகும் நெகிழிப் பைக்குள் இரு கைகளையும் நுழைத்துக்கொண்டே கழற்றினேன். அதன் அடியிலிருந்த தட்டைக் கல்லில் உலர்ந்த எண்ணெய் வட்டக் கறையாக ஒட்டியிருந்தது; லைட்டர் பெட்ரோலில் நனைத்த மென்தாளின்மீது கல்லை வைத்து, விரலால் அழுத்தித் தேய்த்த பிறகே அது நீங்கியது.

2025 அக்டோபர் 12, ஞாயிறு

குளிரூட்டியைக் காலையிலேயே ஓடவிட்டு, அறையின் ஈரம் குறைந்த பிறகு, புதிய ஆல்கஹாலில் கடைசி அலசல். ஏற்கெனவே பயன்படுத்திய திரவத்தில் அலசினால் கழுவியதற்கே பொருளில்லை. எடுத்த உடனேயே ஹேர் டிரையரின் மிதமான சூட்டைக் காட்டி, சிலிக்கா ஜெல் இட்ட டப்பாவில் அடைத்தேன். வியர்வையின் உப்பு ஒரே இரவில் எஃகில் விரல்ரேகையைப் பதித்துவிடும். ஆகவே இனி விரலுறை இல்லாமல் எதையும் தொடுவதில்லை.

பேலட் ஃபோர்க் இல்லாமல் சக்கரங்களை மட்டும் பூட்டி, ஊதுகுமிழால் இலேசாக ஊதியபோது, வரிசை முழுவதும் தயக்கமின்றிச் சுழன்று, நிற்கும் தறுவாயில் சற்றே பின்னோக்கித் திரும்பியது. உராய்வு நீங்கியதற்கு நான் நம்பும் அடையாளம் இதுவே.

2025 அக்டோபர் 18, சனி

எண்ணெயிட்டுப் பூட்டியாயிற்று. வேகமாகச் சுழலும் முனைகளுக்கு மெல்லிய எண்ணெய், நடுச்சக்கரத்துக்குத் தடித்தது, பேலட் ஃபோர்க்கின் முனைகளுக்கு எதுவும் இல்லை. நாளுக்கு இருபது நொடிகளுக்குள் முந்துகிறது. இந்த வயதுக் கடிகாரத்திடம் அதற்குமேல் கேட்பது அநியாயம். மழையில் நனையவிடக் கூடாது என்று சொல்லி மாமாவிடம் கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து தம் தம்பியின் சீக்கோ 5ஐ எடுத்து மேசைமீது வைத்தார். அது தானியங்கி, முழு விசை ஏறிய பின் மெயின்ஸ்பிரிங், தான் அடங்கியிருக்கும் பேரல் என்னும் உருளையின் சுவரில் வழுகிக் கொடுக்க வேண்டும் என்பதால், அந்தச் சுவருக்கென்றே தனி கிரீஸ் வேண்டும். அது கைக்கு வரும்வரை பின்மூடியைத் திறப்பதாக இல்லை.