தலைமாட்டில் நின்றபடி: ஒரு மயக்க மருத்துவரின் நாட்குறிப்பு

2023 அக்டோபர் 14

காலையில் தைராய்டு அறுவை சிகிச்சை. நோயாளியை மயக்கி, மூச்சுக்குக் குழாய் பொருத்திவிட்டு, மருந்து விவரம் எழுதக் குனிந்தேன். ஏதோ ஒன்று குறைவதாகப் பட்டது. பல்ஸ் ஆக்சிமீட்டரின் ஓசை! தொந்தரவென்று யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க இறங்க அந்த ஓசையின் சுருதியும் இறங்கும். முதுகைத் திருப்பி ஊசியில் மருந்து ஏற்றும்போதும் நோயாளி என் காதில் இருக்கிறார். ஒலியைத் திரும்ப வைத்தேன்.

அக்டோபர் 16

1846இல் இதே நாளில்தான் பாஸ்டனில் பல் மருத்துவர் மார்ட்டன் ஈதர் கொடுத்து மயக்க, நோயாளியின் கழுத்துக் கட்டியை வலியில்லாமல் அகற்றினார்கள். எங்கள் துறைக்குத் திருநாள்.

மாணவர்களிடம் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகியைப் பற்றிப் பேசினேன். காதுமடலில் ஒளி பாய்ச்சி, இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவைக் கணக்கிட முயன்றவர் அவர். நாடித்துடிப்பு குறுக்கிட்டு வரைகோட்டைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் துடிப்பை வைத்தே தமனி ரத்தத்தின் ஆக்சிஜனை அறியலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1974இல் அதை அறிவித்தார். எத்தனை உயிர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன!

அக்டோபர் 17

பித்தப்பைக் கல். ஐம்பது வயது நெசவாளர்.

"டாக்டரம்மா, கண் விழித்துவிடுவேனா?"

"உங்கள் தலைமாட்டிலேயே இருப்பேன், ஐயா."

மூன்று நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்தோம். குழாயைச் செலுத்தியவர் முதுநிலை மாணவி. ஆக்சிமீட்டர் 99, ஓசையில் மாற்றமே இல்லை. ஆனால் வெளிவிடும் மூச்சின் கரியமில வாயுவைக் காட்டும் கேப்னோகிராஃபின் கோடு படுத்தே கிடந்தது. "இரண்டு பக்கமும் மூச்சொலி கேட்டதே மேடம்" என்றார் மாணவி. காது ஏமாற்றும். கரியமில வாயு வரவில்லை. குழாய் உணவுக்குழாய்க்குள் போயிருக்கிறது. நுரையீரலில் முன்பே நிரப்பிய ஆக்சிஜன் தீரும்வரை ஆக்சிமீட்டர் அதே சுருதியில்தான் ஒலிக்கும். சனிக்கிழமை நான் அத்தனை நம்பிய ஓசை!

குழாயை உடனே உருவினேன். முகமூடி வைத்து மூச்சுக் கொடுத்தோம். பிறகு நானே செலுத்தினேன். கோடு எழுந்தது, விழுந்தது, எழுந்தது. கரியமில வாயு 36, சரியான அளவு. அதன் பிறகே என் மூச்சும் சீரானது. ஆக்சிஜன் 98க்குக் கீழே இறங்கவேயில்லை.

அக்டோபர் 18

வார்டில் அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொண்டை கரகரப்பாக இருக்கிறதாம். குழாயை இரண்டு முறை போட நேர்ந்ததையும் அதன் காரணத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொன்னபடி தலைமாட்டில் இருந்தீர்களே" என்றார்.

பக்கத்துத் தியேட்டரின் கேப்னோகிராஃப் பழுதாகிக் கிடக்கிறது. மூன்றாவது கடிதத்தை இன்று கொடுத்தேன். அது சரியாகும்வரை, அவசர நோயாளிகளைத் தவிர யாருக்கும் அந்த அறையில் முழு மயக்கம் கொடுக்க மாட்டேன் என்று கீழே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன்.