“ஆனா”வுக்கு முன்னால் சொன்னது

“நீ சொன்னதைத்தானே சிஸ்டர் செஞ்சோம்?” என்று அந்த ஆயா, பேத்தியோடு வந்த பாட்டி, கேட்டு மூன்று வருடம் ஆகிறது. இன்னும் என்னை விடவில்லை.

பேத்திக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. வால்ப்ரோயேட் மாத்திரையில் இரண்டு வருடமாக அடங்கியிருந்தது. ஒன்பது வாரக் கர்ப்பத்தோடு வந்தாள். அவளுக்கு இங்கிலீஷில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆயா என் கையைப் பிடித்துத் தமிழில் கேட்டார். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் இந்த சாட்ஸ்வொர்த்தில் தமிழில் கேட்க இப்போது ஆயாக்கள்தானே மிச்சம், எனக்கும் சந்தோஷம். சொன்னேன்: “இந்த மாத்திரை சாப்பிட்டா பத்துல ஒரு பிள்ளை குறையோட பிறக்கலாம். ஆனா டாக்டர் மாத்துற வரைக்கும் நிறுத்தவே கூடாது.”

இதில் எது தப்பு? கணக்கு சரி. நிறுத்தக் கூடாது என்பதும் சரி. திடீரென்று விட்டால் வலிப்பு திரும்பும், அடங்காமல் நீண்டால் தாய் பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து. ஃபைலிலும் எழுதியிருக்கிறேன். ஆயாவின் காதில் “ஆனா”வுக்கு முன்னால் இருந்தது மட்டும் விழுந்திருக்கிறது. மாத்திரையை எடுத்து ஒளித்துவிட்டார். ஐந்தாம் நாள் ராத்திரி ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள், நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம்.

இந்த மாத்திரையால் வரும் குறைகளில் ஒன்று, கருவின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போவது. அது மூடுவது கரு உருவான நான்கு வாரத்திற்குள். அவள் வந்தபோது அந்தக் கண்டம் தாண்டியாகிவிட்டது. மூளை வளர்ச்சிக்கான பயம் பிரசவம் வரை உண்டு என்றாலும், இதையாவது சொல்லியிருந்தால் ஆயா பதறியிருக்க மாட்டாரோ? சொல்லியிருந்தால், “அப்போ இத்தனை மாசமா மாத்திரை குடுத்தீங்களே, முன்னாடியே ஏன் சொல்லல?” என்று கேட்டிருப்பார். மாதாமாதம் எடுத்துக் கொடுத்தவள் நான். கல்யாணமாகாத பெண்ணிடம் பிள்ளைப்பேற்றைப் பற்றி எப்படிக் கேட்பது என்று கூசினேன். அதை ஃபைலில் எழுதவில்லை.

அப்புறம் லாமோட்ரிஜின் என்ற வேறு வலிப்பு மாத்திரைக்கு மாற்றினார்கள். வயிறு வளர வளர ரத்தத்தில் அந்த மருந்து குறையும், அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பையன் நல்லபடியாகப் பிறந்தான். பேச்சு கொஞ்சம் தாமதம் என்று கேள்வி. மாத்திரையாலா, சும்மாவா, யார் சொல்ல முடியும்?

இப்போதெல்லாம் “நிறுத்தாதீங்க” என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். போன மாதம் ஒரு பெண் அதைக் கேட்டதுமே, சரி என்று எழுந்துவிட்டாள். கணக்கைச் சொல்ல அவளைத் திரும்பக் கூப்பிட்டேன். கதவு வரை போகவிட்டுத்தான்.